வலது கால்

வாரத்தில் ஐந்தரை நாள்
ஊருக்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன் லஹ்சன்.
ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாவியைத் தொடமாட்டான்.
"இன்றைக்கு நான் வெறும் சரக்கு" என்பான்,
பக்கத்து இருக்கையில்
தன்னைத் தானே ஏற்றிவைத்துக்கொள்வான்.

சஃபியிலிருந்து வடக்கே கடலோரச் சாலை.
மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைகளின் வாசம்
கடைசி வளைவுவரை கூடவே வரும்,
பிறகு சலித்துப்போய் இறங்கிக்கொள்ளும்.
அங்கேதான் கணக்கெழுதுகிறேன்,
அந்த வாசத்தில்தான் என் சம்பளம்,
குறைசொல்ல எனக்கு வாயில்லை.

வாய் சும்மா இருந்தாலும்
அவனுக்குக் கால் சும்மா இருக்காது.
எதிரே கழுதை வண்டி தெரிந்தால்,
தக்காளிக் கூடாரங்களுக்கு நடுவிலிருந்து
மோட்டார் சைக்கிள் ஒன்று மூக்கை நீட்டினால்,
அவன் வலது கால்
இல்லாத பிரேக்கை மிதிக்கும்.
பதினோரு வருஷம் மிதித்ததில்
அந்த இடத்து ரப்பர் விரிப்பில்
ஒரு திர்ஹம் காசளவு ஓட்டை.

"அவன் என்னை நம்புகிறான்,
அவன் கால்தான் நம்பவில்லை" என்று
தங்கை ஸுல்ஃபாவிடம் சொன்னேன்.
"முழங்கால்வரை நம்புகிறானே,
அதுவே அதிகம்" என்றாள்.

வாலிதியாவில் எங்களுக்கு வேலை ஒன்றுமில்லை.
பாறையில் இருக்கும் இரண்டு வாய் வழியாகக்
கடல் காயலுக்குள் வரும், போகும்.
வந்ததா போனதா என்று பார்க்க ஆள் வேண்டாமா?
வண்டி நிறுத்துமிடம் மொத்தமும் காலியாகக் கிடக்கும்போதும்
நீலச் சட்டை மிலூத்
மூலையில் ஒரே ஓர் இடத்தைக் காட்டி
"இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்..." என்று
என்னைப் பின்னால் வரச்சொல்வார்.
லஹ்சன் பல்லைக் கடித்துக்கொண்டு
வானத்தைப் பார்ப்பான்.

அவனுக்கு அரை டஜன் சிப்பி.
எலுமிச்சை பிழிந்து, கண்ணை மூடி, ஒரே விழுங்கு.
எனக்கு அது திரும்பிப் பார்ப்பதுபோல இருக்கும், வேண்டாம்.
ஈச்சங்கீற்றில் கோத்துத் தரும் ஸ்ஃபெஞ்ஜ் போதும்,
விரலெல்லாம் எண்ணெய், சூடு.
தூரத்தில் பூநாரைகள்.
"பார், அதுகள்கூட
ஒரு காலை மடக்கி வைத்திருக்கின்றன" என்றேன்.
அவன் பதில் சொல்லவில்லை.

மழை பிடித்த ஒரு ஞாயிறு
காரைவிட்டு இறங்கவேயில்லை.
வைப்பரையும் போடவில்லை.
கடல் தெரியவில்லை, கேட்டது.
ரேடியோவில் யாரோ பால் விலை பேசிக்கொண்டிருந்தார்.
நனைந்த என் காலுறைகளைப் பிழிந்து
ஹீட்டர் மேல் ஒவ்வொன்றாக விரித்தான்,
தெர்மாஸ் மூடியில் புதினாத் தேநீர் ஊற்றி
முதல் வாயைத் தானே குடித்துச் சூடு பார்த்தான்.
பிறகு தூங்கிப்போனோம்.
மிலூத் கண்ணாடியைத் தட்டி எழுப்பிக் காசு வாங்கினார்.

போன வாரம் திரும்பும் வழி.
பெத்தூஸா கலங்கரை விளக்கம் தாண்டியதும்
சாலையில் ஒரு பந்து உருண்டு வந்தது.
பந்துக்குப் பின்னால் பையன் வருவான்:
அவன் பள்ளியில் முதல் பாடமே அதுதான்.
மிதித்தேன்.
டயர் கிறீச்சிட்டது, தெர்மாஸ் உருண்டது.
பையன் வந்தான். எடுத்தான்.
எங்களுக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு ஓடினான்.

கீழே பார்த்தேன்.
ஓட்டைக்குப் பக்கத்தில் அந்தக் கால்
சாய்ந்து கிடந்தது, செருப்புகூட இல்லாமல்.
அவன் விழித்துத்தான் இருந்தான்.
மடியில் ஆரஞ்சுத் தோல், கையில் ஒரு சுளை,
அது எனக்கு.

மகிழ்ச்சியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.
ஆனால் பதினோரு வருஷத்தில் முதல்முறையாகத்
தனியாக பிரேக் பிடித்ததுபோல
உள்ளங்கை வியர்த்தது.
"பார்க்கவில்லையா?" என்றேன்.
"எதை? நீதான் பார்த்தாயே" என்றான்.

சுளையை வாங்கி மென்றேன்.
அடுத்த நேர்ச்சாலையில்
தேவைக்கு மேல் கொஞ்சம் வேகம் கூட்டினேன்,
ஒரு கண் கீழே.
தொண்ணூறு. தொண்ணூற்றைந்து.
நூறைத் தொடும்போது
கட்டைவிரல் மட்டும் லேசாக மடங்கியது.

வேகத்தைக் குறைத்தேன்.
வளைவில் காத்திருந்த மத்தி வாசம்
எங்கள் இருவருக்கும் நடுவே
ஏறி உட்கார்ந்துகொண்டது.