கழிவு

தொண்ணூற்று மூன்றாவது நிமிடம்.
பந்து வலைக்குள் போனதும்
ஊத்தான் மெலிந்தாங் சந்தி ஒட்டுக்கடையில்
நாற்காலி ஒன்று செத்தது.
லோரிக்காரன் சர்குணன், நூற்றுப்பத்து கிலோ,
அதன்மேல் ஏறி ஆடியிருந்தான்.

பிறகு அந்தக் கறுப்புச் சட்டைக்காரன்
காதில் கை வைத்தான்.
எங்கோ ஒரு ஏர்கோன் அறையிலிருந்து
அவனிடம் யாரோ பேசுகிறார்கள்.
எங்களிடம் யாரும் பேசவில்லை.

"வார் பாக்கிறான், வார் பாக்கிறான்!"
"நானும் அதைத்தான் செய்யிறேன்" என்று
கமலவேணி கல்லில் மாவை வார்த்தாள்.
யாரும் சிரிக்கவில்லை.

திரையில் ஒரு நீலக் கோடு.
அதை ஒட்டி ஒரு சிவப்புக் கோடு.
இரண்டுக்கும் நடுவே
எங்கள் ஒன்பதாம் நம்பரின் அக்குள்.
இருபது வருஷமாய்ப் பந்து பார்க்கிறேன்,
அக்குளால் கோல் போட்டவனைக் கண்டதில்லை.

மூன்றரை நிமிடம்.
தோசை கருகியது.
மைலோ ஐஸ் வெறும் தண்ணியானது.
கோவில் கமிட்டிப் பொருளாளர் தணிகாசலம்
"இதுவே அவனுங்க போட்டிருந்தா
கோடு வளைஞ்சி கொடுத்திருக்கும்லா" என்றார்.
நாலு வருஷமாய்க் கோவில் கணக்கைக் காட்டாதவர்.
ஆனாலும் அந்த நேரத்தில் அது வேதம்.

கோல் இல்லை.

"காசு வாங்கிட்டான்!"
கடையிலேயே பெரிய குரல் என்னுடையது.

கமலவேணி பில்லில் நாற்காலியைச் சேர்த்தாள்,
இருபத்தைந்து வெள்ளி.
சர்குணன் நிமிர்ந்து கேட்டான்:
"கோலே செல்லாதுன்னா
நான் ஒடைச்சது மட்டும் எப்படிச் செல்லும்?"

மறுநாள் காலை ஏழு மணி, செம்பனை ஆலை.
தலையில் மஞ்சள் தொப்பி, ஒரு கையில் கொக்கி,
மறு கையில் சிவப்புச் சாயக் குப்பி.
நான்தான் இங்கே தரம் பார்க்கிறவள்.
குலையில் பழம் உதிர்ந்த குழி பத்து இருந்தால் பழம்.
ஒன்பதென்றால் காய். காய்க்குக் கழிவு.
பத்துக்கும் ஒன்பதுக்கும் நடுவில்
எவனோ ஒருவனுடைய மோட்டார் தவணை.

மூன்றாவது லோரி சர்குணனுடையது.
பாரிட் ஓரத்துச் சின்னத் தோட்டத்துக் குலைகள்.
கொட்டினான். புரட்டினேன். எண்ணினேன்.
ஒன்பது.
சிவப்பு அடித்தேன்.

அவன் கத்தவில்லை.
கத்தியிருந்தால் பரவாயில்லை.
இரண்டு ஆள்காட்டி விரலால்
காற்றில் ஒரு சதுரம் வரைந்தான்.

சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது.
அவனுக்கு முன்னால் வந்தது
கம்பெனியின் சொந்தத் தோட்டத்து லோரி.
அதில் ஏழு குழிக் குலை ஒன்று
என் கண்ணைத் தாண்டிப் போனது.
யாரும் காசு தரவில்லை. சத்தியமாய்.
யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூட இல்லை.
மேனேஜர் கார் நிற்கிற பக்கம் வந்தால்
எனக்கு எண்ணிக்கை கொஞ்சம் தாராளமாய் வரும்,
அவ்வளவுதான்.
அந்தக் குலை இந்நேரம் ஆவியில் வெந்துகொண்டிருக்கும்.
அதற்கு ரீப்ளே கிடையாது.

சர்குணன் கைப்பேசியை எடுத்தான்,
குலையைப் படம் பிடித்தான்,
இரண்டு விரலால் விரித்தான்.
"இந்தா, பத்தாவது."
நிழலா, குழியா?
இன்னும் விரித்தான்.
விரிக்க விரிக்க எல்லாமே குழி.

பின்னால் ஐந்து லோரி.
ஒரு ஹாரன் ஆரம்பிக்க
மற்றதெல்லாம் சேர்ந்துகொண்டது.
கடைசி லோரியிலிருந்து எவனோ,
"காசு வாங்கிட்டா!"

குப்பியைக் கீழே வைத்தேன்.
கையுறையைக் கழற்றிவிட்டு
குலையின் முன்னால் குந்தினேன்.
முள் கிழித்தது. கிழிக்கட்டும்.
ஒவ்வொரு குழியாக விரலை விட்டு
முதலிலிருந்து
எண்ணத் தொடங்கினேன்.

மூன்றரை நிமிடம் ஆகும்.
கத்தட்டும்.