மூன்றாம் வரிசை, இடது ஓரம்

ஆல்பர்ட் தீபன் ஆறடி ஏழங்குலம்.
இருக்கட்டும்.
ரீபவுண்டுக்குக் கை தூக்கச் சோம்பல்,
தூக்கினால் அது போட்டோவுக்கு.

வங்கி அணியே எனக்கு ஆகாது.
ஜெயித்தாலும்
கணக்கு டேலி ஆனதுபோல ஒரு முகம்.
துறைமுகத்துப் பையன்கள் தோற்பார்கள்,
ஆனால் வியர்க்க வியர்க்கத் தோற்பார்கள்.

பெரியமேட்டில் தோல் கடையை அடைத்துவிட்டு
எட்டரை ஆட்டத்துக்கு ஓடி வருகிறவன் நான்.
மழை ஒழுகாத ஒரே சீட்டு என்னுடையது.
என் பேச்சைக் கேட்டு
எந்தக் கோச்சும் ஆள் மாற்றப் போவதில்லை.
ஆனாலும் கத்துவேன்:
நஸீரை இறக்குங்கய்யா!
அவன் கைக்குப் பந்து வராது.
பந்து வைத்திருப்பவனுக்கு
வழி திறப்பது அவன் தோள்.
ஸ்கோர் ஷீட்டில் தோளுக்குக் கட்டமில்லை.

நேற்று இறக்கினார்கள்.
நான்கு நொடி பாக்கி, ஒரு புள்ளி பின்னால்,
நஸீருக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ.
முதலாவது வளையத்தில் பட்டு வெளியே.
இரண்டாவது
சுற்றிச் சுற்றி யோசித்து
வெளியே.

சென்ட்ரல் வரை பேசாமல் நடந்தோம்.
சிக்னலில் கொளஞ்சி கேட்டான்,
"இன்னாபா, உன் ஆளு?"

"முழங்கையப் பாத்தியா," என்றேன்.
"இன்னா நேரா நின்னுச்சு."