சிவப்பு முடிச்சு

தம்பலகாமத்தில் நாங்கள் நடுவதில்லை.
முளைநெல்லைக் கடகத்தில் ஏந்தி
கை போன பக்கம் வீசிவிட்டு
வரம்பில் ஏறித் தேத்தண்ணி குடிக்கிறவர்கள்.

அப்படியிருக்க,
நீகாத்தாவிலிருந்து வந்த ஹிசாயோ
சிறுபோகத்துக்கு ஒரு நடுகை விழா என்றாள்.
கால் ஏக்கர் காணும்.
பன்னிரண்டு பெண்கள், நீலச் சட்டை,
தோளில் சிவப்பு நாடா, ஓலைத் தொப்பி.

தொப்பிகள் கொழும்பிலிருந்து வந்தன.
மேளம் பள்ளிக்கூடத்து பேண்டிலிருந்து,
அதிபரின் கையெழுத்து வைத்த இரவல் கடிதத்தோடு.
தண்ணி கந்தளாயிலிருந்து வரவேணும்.
வட்டவிதானை நல்லரெத்தினம்
ஒருநாள் முந்தியே வாய்க்காலைத் திறந்துவிட்டு
"யப்பானுக்குத் தண்ணி குடுத்தாச்சு" என்று
சந்தியெல்லாம் சொல்லித் திரிந்தார்.

மலைத் தெய்வம் இறங்கி
வயலுக்கு வருகிற நாளாம் இன்று.
நகோயாவில் கார் கழுவிய கஜமுகன் மொழிபெயர்த்தான்.
"எந்த மலை?" என்றாள் கிண்ணியா றன்சீனா.
எங்கள் கோணேசரும் அப்படித்தான்,
பறங்கியர் காலத்தில் மலையிலிருந்து இறங்கி
இங்கேயே தங்கிவிட்டவர் என்றேன்.
அதை அவன் ஹிசாயோவுக்குச் சொன்னானோ,
வேறேதும் சொன்னானோ,
அவள் வயலைப் பார்த்து இரண்டு தரம் குனிந்தாள்.

பிறகு கயிறு வந்தது.
வரம்புக்கு வரம்பு இழுத்துப் பிடித்த கயிறு.
சாணுக்கொரு சிவப்பு முடிச்சு.
முடிச்சுக்கு நேரே நாற்று, அவ்வளவுதான் வேலை.

என் கால் சேற்றில் நின்றுவிட்டது.

மூன்று வருடம், மூதூர் கிழக்கில்,
சிவப்பு நாடாவுக்கு இந்தப் பக்கம்
முழங்காலில் இருந்தவள் நான்.
முகமூடிக் கண்ணாடியில் என் மூச்சின் புகார்.
கையில் கரண்டி.
வெயில் சாயுமுன் இரண்டு முழம் மண்.
சிவப்பைக் கண்டால் நில்.
உடம்பு படித்த பாடம் அது,
உடம்புக்கு விழா விளங்காது.

மேளம் தொடங்கியது.
பேண்டுப் பெடியனுக்கு
விளையாட்டுப் போட்டி அணிநடைத் தாளம்தான் தெரியும்.
அதற்கு மேலே ஹிசாயோவின் பாட்டு,
ஒன்றுக்கொன்று பொருந்தாமல்.
பதினொரு பேர் குனிந்தார்கள்.
என் கையில் நாற்றுக்கட்டு
சொட்டிக்கொண்டே இருந்தது.
"அக்கா, கொஞ்சம் குனியுங்கோ,"
கமராக்காரன் வரம்பிலிருந்து கத்தினான்.

றன்சீனா ஒன்றும் கேட்கவில்லை.
தன் முடிச்சுகளில் நட்ட கையோடு
எட்டி என் முடிச்சுகளிலும் நட்டாள்.
கயிறு நகர்ந்தது,
பின்னுக்கு.

அங்கே முன்னுக்குத்தான் போவோம்.
கண் போய்ப் பார்க்காத இடத்துக்குக்
கால் போகாது.
இங்கே எல்லாரும்
தங்களுக்குப் பின்னால் என்ன கிடக்கிறதென்று பாராமல்
ஓரடி வைக்கிறார்கள்,
பாடிக்கொண்டு வேறு.

வைத்தேன்.
குதிக்காலின் கீழே ஏதோ அசைந்தது.
நான் போட்ட சத்தத்தில்
மேளம் நின்றது, பாட்டு நின்றது,
கொக்குகள் எழும்பின.

நண்டு.

சிரித்தார்கள். நானும், கொஞ்சம் பிந்தி.
அடுத்த முடிச்சுக்கு நேரே
இரண்டு விரலால் நாற்றை அழுத்தினேன்.
விரலை எடுக்க
குழி தானே மூடிக்கொண்டது.

என் வரிசை கோணல்.
"வெட்டுற மெசின் கோணல் பாராது"
என்றார் நல்லரெத்தினம்.

எல்லாரும் சோற்றுப் பார்சலுக்குப் போனபின்
கயிற்றை முழங்கையில் சுற்றினேன்.
முடிச்செல்லாம் ஒரே சேறு.
எது சிவப்பென்று
கழுவினால்தான் தெரியும்.