இடது கால்

லியெபாயா நகரத்தில் டிராம் பாதை ஒன்றே ஒன்றுதான்.
போகும், திரும்பும்.
அதில் தொலைந்துபோக என்ன இருக்கிறது என்றுதான்
வேலைக்குச் சேர்ந்த அன்று நினைத்தேன்.

பணிமனையின் பின்னறையில் மூன்று அட்டவணைகள்.
தொலைத்தவர் வந்து சொன்னது ஒன்றில்,
ஓட்டுநர் இருக்கைக்கடியில் கண்டது ஒன்றில்,
கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தனுப்பியது மூன்றாவதில்.
மூன்று பேர், வெவ்வேறு ஆண்டுகளில் கட்டியவை.
மூன்றிலும் தேதி என்றொரு பத்தி.
எதன் தேதி என்று மூவரும் சொல்லிவைக்கவில்லை.

குடை என்று தேடினால்
தொலைந்த குடைகள் முழுக்க முதலில் வரும்,
பிறகு கிடைத்த குடைகள் முழுக்க,
அப்புறம் வீடு போய்ச் சேர்ந்தவை.
இடையில் பெய்த மழை எங்கும் இருக்காது.

தேதிப்படி அடுக்கு என்றார் ஸிக்மார்ஸ்.
புதியது மேலே. ஜனங்களின் பொறுமை பத்து வரிக்குத்தான்.
அடுக்கினேன்.
முதல் அட்டவணையில் தேதி எழுத்தாகக் கிடந்தது:
நாள், புள்ளி, மாதம், புள்ளி, ஆண்டு.
எழுத்துக்கு ஆண்டு தெரியாது.
முப்பத்தொன்றாம் தேதிகள் எல்லாம் முண்டியடித்து மேலே,
தொண்ணூற்றெட்டில் தொலைந்த பல்செட்டை ஒட்டி
போன மாதத்துக் கைபேசி.
ஒன்றாம் தேதியில் தொலைத்தவர்கள்
எந்த நூற்றாண்டில் அழுதாலும் கடைசிதான்.

சிரித்துக்கொண்டே அதைச் சரிசெய்தேன்.
வேலை முடிந்தது என்றும் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரியில் வால்தா வந்தாள்.
மீனைப் புகையிடும் கூடத்தில் வேலை;
அவளுக்கு முன்பே வாசனை உள்ளே வந்து நின்றது.
மகனுடைய பனிச்சறுக்குக் காலணி, இடது.
அத்தாட்சியாக வலதை எடுத்து மேசைமேல் வைத்தாள்,
அதன் கத்தியில் பழந்துணி சுற்றியிருந்தது.
பதின்மூன்று என்று பதிந்தேன், அவள் வந்த தேதி.
தேடினேன். இல்லை.
மறுவாரம் இல்லை. மார்ச்சில் இரண்டு முறை இல்லை.
நான்கு முறையும் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.
அதுதான் உறுத்தியது.

ஒரு சனிக்கிழமை, ஆளில்லாத நேரம்,
மூன்று தேதிகளுக்கும் ஒரே பெயர் வைத்து
மூன்று அட்டவணைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கொட்டி
பழையதிலிருந்து வாசித்துக்கொண்டே வந்தேன்.
பதினொன்று: காலணி, இடது, அளவு முப்பத்துநான்கு.
ஔஸ்மாவின் வண்டி, பின் இருக்கை. கிடைத்தது.
பதின்மூன்று: காலணி, இடது. தொலைந்தது.

கிடைத்து இரண்டு நாள் கழித்துத் தொலைந்திருக்கிறது.

என் தேடலில் ஒரு வரி இருந்தது, நானே எழுதியது:
கிடைத்த தேதி தொலைந்த தேதிக்கு முந்தியிருக்கக் கூடாது.
எழுதியபோது அதைவிட நியாயமான வரி
உலகத்தில் இல்லை என்றிருந்தது.
தொலைந்தது தெரியவே இரண்டு நாளாகும் வீடு
என் கணக்கில் வரவில்லை:
ஞாயிறும் வேலை, திங்கள் இரவும் வேலை,
செவ்வாயன்றுதான் பையைக் கவிழ்க்கும் பையன்.

அது என் தலைக்கு மேலே, தட்டில் இருந்தது.
நான்கு முறையும் அங்கேதான் இருந்தது.

ஏப்ரலில் வந்து வாங்கிக்கொண்டாள்.
ஏரி முழுக்கத் தண்ணீராகிவிட்டிருந்தது.
“இப்போ முப்பத்தாறு போடுறான்” என்றாள்,
கோபமில்லை, ஒரு தகவல்.
கையெழுத்திட்டு, பேனாவை நிறுத்தி
எந்தத் தேதி போட என்று கேட்டாள்.
இன்றைக்கு என்றேன். வேறென்ன சொல்ல.

அவள் போனபின் அந்த வரியை அழித்தேன்.
கையோடு இன்னொன்றையும் மாற்றினேன்.
தேதியே இல்லாதவை இருநூற்றுப் பன்னிரண்டு.
அட்டவணைகளைக் கோக்கும்போது
நாரில் ஏறாத பூவாக அவை உதிர்ந்துவிடும்;
உதிராமல் பிடித்தாலும் கணினி அவற்றை
யாரும் புரட்டாத கடைசிப் பக்கத்துக்குத் தள்ளும்.
ஒரு சொல் சேர்த்தால் போதும், முதலில் வரும்.
சேர்த்தேன்.

ஸிக்மார்ஸ் முணுமுணுக்கிறார்.
தினமும் காலையில் பட்டியலைத் திறந்ததும்
முதல் ஆளாக அந்த டிரம்பெட்டின் ஊதுவாய்:
பித்தளை, விளிம்பு நெளிந்தது,
எந்த நாளும் இல்லை.