மூன்றாம் மாடி ஐஸ்பெட்டி

ராத்திரி ஒன்பது பத்துக்குப்
பையிலிருந்து கடிதத்தை எடுக்கிறான் யுகேந்திரன்.
நான்காய் மடித்தது, குழம்புக் கறை பட்டது,
போன வாரத் தேதி.
நாளை கேண்டீன் தினம்.
‘வீட்டில் செய்த இனிப்பு ஒன்று.’
வீட்டில் செய்த என்பதற்குக் கீழே
ஆசிரியை இரண்டு கோடு இழுத்திருக்கிறார்.

எங்கள் அடுப்புக்கு இரண்டு கண்.
ஒன்றில் பார்வை இல்லை.
ஓவனை நான் விளம்பரத்தில் பார்த்ததோடு சரி.
ஆயர் ஈத்தாம் முழுக்கக் கடைகள் மூடியாயிற்று,
ப்ளாட்டுக்குக் கீழே ஆ சியோங் மட்டும்
பாதிக் கதவை இறக்கிவிட்டு
மீதிப் பாதியில் வெளிச்சம் விற்கிறார்.

மேரி பிஸ்கட் இரண்டு பொட்டலம்,
டின்பால் ஒன்று, மார்ஜரின் சின்னது.
பதினோரு வெள்ளி அறுபது காசு.
மைலோ வீட்டில் இருக்கிறது,
டின்னின் அடியில் கட்டிதட்டி,
கரண்டியால் மிரட்டினால் வரும்.

புரட்டாசி. முட்டை கூடாது.
முட்டை இல்லாத கேக் பாத்திக்
சாலை கடக்கையில் கையை விட்டுவிட்ட பிள்ளை,
எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது.
போகட்டும். கூட ஒரு கரண்டி மைலோ.

பிஸ்கட் உடைப்பது அவன் வேலை.
நாலாய் உடை என்றால் பொடியாக்குகிறான்.
பொடியாக்காதே என்றால்
முழுசாய் ஒன்றை வாய்க்குள் உடைக்கிறான்.
பிஸ்கட் ஒவ்வொன்றிலும் பெயர் பொறித்திருக்கிறது.
யாரோ ஒரு மேரி.
அவளைச் சூடான பழுப்புச் சேற்றில்
புரட்டிப் புரட்டிப் புதைக்கிறோம்.

டப்பாவில் அமுக்கி, கரண்டி முதுகால் தடவி,
ஐஸ்பெட்டியைத் திறக்கிறேன்.
உள்ளே இருட்டு.
வெதுவெதுப்பான இருட்டு.
செவ்வாய்க்கிழமையிலிருந்தே முனகிக்கொண்டிருந்தது,
நான்தான் கேட்காத மாதிரி இருந்தேன்.

இறுகாவிட்டால் அது கேக் இல்லை,
மைலோவில் நனைத்த பிஸ்கட்.
அதைக் குவளையில் யாரும் செய்வார்கள்.

மூன்றாம் மாடியில் ரொஸ்னா அக்கா.
பேசி எட்டு மாதம்.
என் துணியிலிருந்து சொட்டிய தண்ணீர்
வெயிலுக்கு வைத்த அவள் தலையணையில் இறங்கிய நாள்,
அவள் சொன்னது ஒன்று,
நான் சொன்னது மூன்று.
அதற்குப் பிறகு படிக்கட்டில்
தினமும் இருவருக்கும் அவசரம்.

பத்தரைக்கு அவள் கம்பிக்கதவைத் தட்டினேன்.
டப்பாவை நீட்டிக்கொண்டு,
பாதி மலாய், பாதி மூச்சு.
‘ஐஸ்பெட்டி… ரோசாக்.’
டப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
மறுபடி டப்பாவை.
‘முட்டை?’
எட்டு மாதத்தில் அவள் எனக்குச் சொன்ன முதல் சொல்.
‘இல்லை அக்கா. சாமி மாதம்.’
‘முட்டை இல்லாமலா!’
நாக்கு மேலண்ணத்தில் ஒரு தட்டு தட்டியது.
பிறகு குனிந்து
மீன் பொட்டலங்களைக் கீழ்த்தட்டுக்கு இறக்கி,
மேல்தட்டை ஈரத்துணியால் துடைத்து,
அதை மட்டும் தனியாய் வைத்தாள்.
மீன் பக்கம் வேண்டாம் என்று
நான் சொல்லவே இல்லை.

காலை ஆறே கால்.
டப்பாவோடு வாசலில் நின்றிருந்தாள்.
இறுகியிருந்தது.
ஒரு மூலை மட்டும் இல்லை,
பால்பல் விழுந்த இடம் மாதிரி.
வெட்டிய முகத்தில் பிஸ்கட் வரிகள் கண்டபடி ஓடின,
பாத்திக் துணியில் மெழுகு ஓடுமே அப்படி.
‘வெந்ததா பார்த்தேன்’ என்றாள்.
வேக வைக்கவே இல்லை அக்கா, என்றேன்.
‘இனிப்பு ஜாஸ்தி’ என்றாள்.

படி இறங்கும்போது யுகேந்திரன் கணக்குப் போடுகிறான்:
பிஸ்கட் ஆ சியோங் கடை.
ஐஸ்பெட்டி மூன்றாம் மாடி.
‘இது வீட்டில் செய்ததாம்மா?’
பள்ளி வேன் ஹாரன் அடிக்கிறது.
மூடியை நன்றாக அழுத்திப் பிடி, என்கிறேன்,
ஓடாதே.

சாயங்காலம் டப்பா காலியாய் வந்தது.
கழுவிக் கவிழ்த்துவிட்டுத்
துணி காயப்போடப் போனேன்.
பிழிந்ததை
இன்னொரு முறை பிழிந்து.