ஏறியோர் நாற்பத்தொன்று

படிவத்தின் மூன்றாம் கூடு
பிறந்த இடம் கேட்கிறது.
யூட் நிமலன் தொப்பியைக் கழற்றிக்
கக்கத்துக்குள் இடுக்கிக்கொண்டு
"கடல்" என்றான்.

கடலுக்குப் பதிவாளர் பிரிவு இல்லை.
என் பிரிவு மாவிலித்துறையில் தொடங்கி
கல்வேலிகள் ஓடிக் களைக்கிற தெற்குக் கரை வரை.
முருகைக் கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கிய வேலி,
காற்று ஊடே போய்விடும், அதனால் விழுவதில்லை.
அதற்கப்பால் குதிரைகள்,
எவருடைய பெயரிலும் பதியாதவை,
உவர்க் குட்டையைக் குளம்பால் கிண்டிக்கொண்டு.

ஒல்லாந்தர் வந்தபோது
வீட்டு நினைப்பில் பெயர் வைத்தார்கள்.
அனலைதீவு ரொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம்,
இது டெல்ப்ற்.
மற்றப் பெயர்கள் உப்பில் கரைந்து போயின.
எங்களுடையது மட்டும்
என் றப்பர் முத்திரையின் ஆங்கில வரியில்
இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.
காணாத ஊரின் பெயரை மையில் தோய்த்துக்
கண்ட மனிதரின் சாவுக்குக் குத்துகிறேன்.

பிறப்புப் புத்தகம் மெல்லியது.
எட்டாம் மாதமே பெண்கள் படகேறி
யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டின் பின்னறையில்
காத்துக் கிடந்து பெற்று வருகிறார்கள்.
ஆஸ்பத்திரி இருக்கிற ஊரே பிறந்த ஊர்.
இறப்புப் புத்தகம் அப்படியில்லை.
சாவதற்கு எல்லாரும் திரும்பி வருகிறார்கள்.

கொறற்றிக்கு இன்னும் இருபது நாள் இருந்ததாம்.
மார்கழி. வாடை கடித்த காலை.
ஏதோ கூட்டத்துக்கென்று ஏறிய மருத்துவிச்சி தவராணி
அரைவழியில் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி
எஞ்சினை நிப்பாட்டச் சொன்னாள்.
ஆண்கள் அணியத்துக்கு ஒதுங்கி
நயினாதீவுக் கோபுரத்தையே பார்த்து நின்றார்கள்,
அதுவரை அதைக் கண்டிராதவர்கள் போல.
யாரோ குடிக்க வைத்திருந்த போத்தலைக் கொடுத்தார்கள்.
மழைக்காலம்தான். என்றாலும்
தீவார் கைமாறிய தண்ணீரை
மறக்கிற சாதி இல்லை.

சாட்சிக்கு வந்த தண்டயல் சவிரிமுத்து
இறங்குதுறைக் கொப்பியின் தாளொன்றைக்
கசங்காமல் விரித்தார்.
ஏறியோர் நாற்பத்தொன்று.
இறங்கியோர் நாற்பத்திரண்டு.
கடற்படைப் பொடியன் அதை வெட்டி,
இன்னொருதரம் தலை எண்ணி,
திரும்பவும் நாற்பத்திரண்டே எழுதியிருந்தான்.

இந்தக் கணக்கு எனக்குத் தெரியும்.
ஏறியது எத்தனை, இறங்கியது எத்தனை என்று
எண்ணி எண்ணியே வளர்ந்தவர்கள் நாங்கள்.
குறைந்து வந்த நாளும் உண்டு.
அது மற்றப் புத்தகத்தில் இருக்கிறது,
எனக்கு முந்தியவரின் சாய்ந்த எழுத்தில்,
ஒரே திகதி,
பக்கம் திருப்பியும் ஒரே திகதி.

நடுக்கடலில் பிறந்தால் என்ன செய்வதென்று
சுற்றறிக்கைக் கோப்பைப் புரட்டினேன்.
கறையான் தின்ற இடத்தில் இருந்திருக்கலாம்.
"கிட்டின கரை எது?"
"நேர் நடு ஐயா.
வேணுமெண்டால் புங்குடுதீவு எண்டு போடுங்கோ,
அங்கைதானே இறங்கினது."

வாசல் கதிரையில் பிள்ளையோடு இருந்தவள்
எழும்பாமலே சொன்னாள்:
"எஞ்சின் நிண்ட நேரம் முழுக்க
வாடை எங்களை இஞ்சாலைதான் தள்ளினது.
தண்டயலைக் கேளுங்கோ."

சவிரிமுத்து சுவரில் தொங்கிய வரைபடத்தைப் பார்த்தார்.
அதில் நாங்கள் பெருவிரல் நகமளவு.
"ஓம்," என்றார், "தள்ளினதுதான்."

நெடுந்தீவு என்று எழுதினேன்.
முதல் எழுத்தில் மை ஊறிவிட்டது.

அடுத்த கூடு, பிறந்த நேரம்.
தகப்பனிடம் மணிக்கூடு இல்லை.
தாய் பார்க்கவில்லை.
எஞ்சின் நின்றது எட்டு இருபது,
திரும்ப உதைத்தது ஒன்பது ஐந்து என்றார் தண்டயல்,
இரண்டுக்கும் இடையில் எங்கேயோ.