உடுக்குறிச் சொல்

ப்ர்னோ நகரத்து அட்டைப்பெட்டியில்
"ஹும்னோ" என்றிருந்தது.
போலந்துக்காரன் "கும்னோ" என்பான்,
தால்மாத்தியாவில் "குவ்னோ".
மூன்றையும் ஒரே முறத்தில் இட்டுப்
புடைத்தாள் த்ரஹோமீரா.
பறந்தது பறக்க, நின்றது இது:
*குமினோ.
தலையில் ஒரு நட்சத்திரம்.
யாரும் எழுதி வைக்கவில்லை,
எழுதியதை யாரும் கண்டதில்லை
என்பதற்கான அடையாளம்.

அந்த "மி"யில் இருப்பது முழு இகரம் அல்ல.
நம் கணக்கில் குற்றியலிகரம்.
அரை மாத்திரையும் தாங்காமல்
ஆயிரம் ஆண்டு வாக்கில் உதிர்ந்துவிட்டது.

"கு" மாடு.
"மின்" மிதித்துக் கசக்குவது.
மாடு மிதிக்கிற இடம், களம்.
அஃறிணை.
ஒன்றென்றால் குமினோ, பலவென்றால் குமினா,
சரியாக இரண்டென்றால் மட்டும்
தனி ஈறு: குமின்யே.
இரண்டு களத்துக்கென்று இலக்கணத்தில் இடம் விட்டவர்கள்
பங்காளிச் சண்டை பார்த்தவர்களாய்த்தான் இருக்க வேண்டும்
என்று அட்டையின் ஓரத்தில் பென்சிலால் எழுதி
அழித்தாள்.

ஆகஸ்டில் பஸ் பிடித்து
தால்மாத்தியாவின் கல்மலைக்குப் போனாள்.
வட்டமாய்க் கல் பாவிய தரை,
குறுக்கே பத்துத் தப்படி.
நடுக்கம்பு நின்ற குழியில்
யெர்கோ கடற்கரைக் குடை ஒன்றை நட்டு
தர்பூசணி விற்றுக்கொண்டிருந்தான்.

"இதுதானா உங்கள் கொவ்னோ?"

நாக்கு ஒரு உயிரெழுத்து வழுக்கியது.
மாந்திட்சா சிரித்த சிரிப்பில்
பழவிதை மூக்கில் ஏறிற்று.
உகரம் ஒகரமானால்
களம் சாணியாகிவிடும் அந்த ஊரில்.
த்ரஹோமீராவின் ஊரிலும் ஏறக்குறைய அதேதான்,
அதனால் காது இரண்டும் சிவந்தன.

"அதுவும் மாட்டுச் சொல்தான்" என்றாள்,
படிப்பைப் பிடித்துக்கொண்டு.
"ஒரே வேர்."
"மிதிக்கிற மாடு போடாமலா இருக்கும்?"
கத்தியைத் துடைத்தான் யெர்கோ.
"ஆனால் இந்தக் கல்லில் மாடு ஏறியதே இல்லை.
குதிரைதான் சுற்றியது.
அப்புறம் மிஷின் வந்தது.
இப்போது ஜெர்மன்காரர்கள் வருகிறார்கள்."

அட்டையில் இதை எங்கே எழுதுவது?

கார்கள் குறைந்து
குடை மடக்கியாயிற்று.
வெயில் இன்னும் இறங்காத கல்லில்
செருப்பைக் கழற்றி நின்றவள்
வாய்க்குள் உருட்டி உருட்டி
அந்தச் சின்ன இகரத்தை விழாமல் தாங்கி
ஒருமுறை உரக்கச் சொன்னாள்:
குமினோ.

தோல்களைக் கூடையில் அள்ளிய யெர்கோ
நிமிர்ந்தான்.
"யாரைக் கூப்பிட்டாய்?"

"மாட்டை."